எந்தச் செடியில் இருந்தது?

விளக்கின் முன் நான் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் அந்த ஆண் பூச்சி வந்து அமர்ந்தபோது இரவு 9 மணி கடந்திருந்தது. நீளம் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காய்ந்த வைக்கோலின் நிறம். தலையின் முன்விளிம்பில் இரண்டு கரும்புள்ளிகள். மடித்த சிறகுகள் முதுகின்மேல் கூரை வேய்ந்ததுபோல் இரு பக்கமும் சரிந்திருந்தன. துணியில் அந்நேரம் அந்துப்பூச்சிகளும் வண்டுகளும் கொசுக்களுமாக நூற்றுக்கணக்கான உயிர்கள் மொய்த்துக் கிடந்தன. இதை உறிஞ்சுகுழாயில் எடுத்ததற்குத் தனிக் காரணம் ஏதும் இல்லை. அன்று வந்த தத்துப்பூச்சிகளில் வடிவத்துக்கு ஒன்றிரண்டு எடுத்துவைத்தேன். இந்த வடிவத்தில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. முக்கோண அட்டைத் துண்டின் நுனியில் அதை ஒட்டி, அட்டையை ஊசியில் குத்தி, கீழே செருகிய சீட்டில் தேதியையும் இடத்தையும் எழுதி, "விளக்குத் திரை, ஈரப் புல்வெளியின் ஓரம்" என்று முடித்தேன். அந்தக் கடைசி வரியில் எவ்வளவு பெரிய குறை இருந்தது என்பதை உணர எனக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று.

தத்துப்பூச்சி என்றதும் பெரும்பாலோருக்குப் பயிர்தான் நினைவுக்கு வரும். நெல்லைத் தாக்கும் பச்சைத் தத்துப்பூச்சியையும், பருத்தி இலையின் ஓரத்தை மஞ்சளாக்கிச் சிவக்கச் செய்து சுருட்டிவிடும் தத்துப்பூச்சியையும் அறிந்தவர்கள் ஏராளம். ஆனால் சிகாடெல்லிடே என்னும் இந்தக் குடும்பத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட சிற்றினங்கள் 20,000-க்கும் அதிகம்; அவற்றுள் பயிருக்குத் தீங்கு செய்பவை மிகச் சிறு பகுதியே. மற்றவை காட்டிலும் புதரிலும் புல்லிலும் சதுப்பிலும், பெரும்பாலும் யாருடைய கண்ணிலும் படாமல், தாவரச் சாற்றை உறிஞ்சி வாழ்கின்றன. பெரும்பான்மையானவை புளோயத்தில் ஓடும் சர்க்கரைச் சாற்றையும், சில கூட்டத்தார் சைலத்தில் ஏறும் நீர்த்த சாற்றையும் பருகுகின்றன. டைஃப்லோசைபினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த மெல்லிய சிறு பூச்சிகளோ இலையின் உட்செல்களைக் குத்திக் காலி செய்து, இலையின் மேல் வெளிறிய புள்ளிகளை விட்டுச் செல்கின்றன. ஒரு பூச்சி எதை உறிஞ்சுகிறது என்பது அதன் உடலமைப்பிலும் தெரியும். சைலச் சாற்றில் சத்து மிகக் குறைவு. அதனால் ஏராளமாக உறிஞ்சியாக வேண்டியிருப்பதால், அவற்றின் முகத்தில் உறிஞ்சு தசைகளைத் தாங்கும் பகுதி புடைத்து நிற்கும்.

கையில் இருப்பது தத்துப்பூச்சிதானா என்ற முதல் கேள்விக்குப் பின்னங்கால் விடை சொல்லும். தத்துப்பூச்சியின் பின்னங்காலில், கணுக்காலுக்கு மேலுள்ள நீண்ட பகுதியில், சீப்பின் பற்களைப் போல முட்கள் வரிசை வரிசையாக நிற்கும். நெல் விளைவிப்போர் நன்கறிந்த புகையானையும் பலர் தத்துப்பூச்சி என்றே அழைக்கின்றனர். ஆயினும் அது டெல்ஃபாசிடே என்னும் வேறு குடும்பம். அதன் பின்னங்காலின் அதே பகுதியின் முடிவில், அசையக்கூடிய பெரிய குதிமுள் ஒன்று இருக்கும். எச்சில்போன்ற நுரைக்குள் ஒளிந்து வளரும் நுரைப்பூச்சிகளின் காலில் தடித்த முட்கள் ஒன்றோ இரண்டோ இருக்கும், முனையில் ஒரு முள்வளையமும் உண்டு, வரிசைகள் இருக்காது. அந்த முள்வரிசைகளால் தத்துப்பூச்சிக்கு இன்னொரு பயனும் உண்டு. இப்பூச்சிகள் தம் கழிவுநீக்கக் குழாய்களில் புரோக்கோசோம் எனப்படும் நுண்மணிகளைச் சுரந்து, பின்வழியே வெளியேற்றி, கால்களால் உடல் முழுவதும் பூசிக்கொள்கின்றன. ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள அந்த மணிகள், தேனடைபோல் குழிகள் நிறைந்த உட்குடைவான உருண்டைகள். நீரையும் தம்முடைய ஒட்டும் கழிவையும் உடலில் ஒட்டவிடாமல் காக்கின்றன. மின்னணு நுண்ணோக்கியில் எடுக்கப்பட்ட அவற்றின் படத்தை முதன்முறை பார்த்த நாளில் வேறு வேலை எதுவும் எனக்கு ஓடவில்லை.

குடும்பம் உறுதியான பிறகு பேரினத்தைத் தேடுவது பொறுமையைக் கேட்கும் வேலை. ஆனால் வழி இருக்கிறது. எளிய கண்கள் தலையின் உச்சியில் இருக்கின்றனவா, முன்விளிம்பில் இருக்கின்றனவா, முகத்தில் இறங்கியிருக்கின்றனவா. முன்சிறகின் நரம்புகள் எத்தனை மூடிய அறைகளை அமைக்கின்றன. முகத்தின் தையல்கோடுகள் எதுவரை நீள்கின்றன. பின்தொடையின் முனையில் முட்கள் என்ன எண்ணிக்கை அமைப்பில் நிற்கின்றன என்று, பூச்சியை இனங்காண உதவும் கேள்வி வரிசையான திறவுகோலின் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக நம்மை இட்டுச் செல்லும். என் பூச்சி டெல்டோசெபலினே என்னும் மிகப் பெரிய துணைக்குடும்பத்தில் விழுந்தது. அதில் புல்லையும் கோரையையும் சார்ந்தவை பல. மூன்று மாலைப் பொழுதுகளில் பேரினமும் ஏறத்தாழ உறுதியாயிற்று.

சிற்றினம் என்ற வாசலில்தான் நிறம் நம்மை ஏமாற்றத் தொடங்குகிறது. தோலுரித்துச் சில மணி நேரமே ஆன பூச்சி வெளிறியிருக்கும். அதில் புள்ளிகள் இன்னும் தோன்றியிரா. ஆல்கஹாலில் கிடந்த பச்சைப் பூச்சி மஞ்சளாகிவிடும். முட்டையிடத் தயாராகும் சில பெண் பூச்சிகள் சிறகின்மேல் புரோக்கோசோம்களை வெண்திட்டாகச் சேர்த்துவைக்கும். அதை நிரந்தரக் குறி என்று குறித்துக்கொண்டால் அந்தப் பூச்சிக்கு இல்லாத அடையாளம் ஒன்றை நாமே உண்டாக்கியவர்களாவோம். யூசெலிஸ் பேரினத்தின் வரலாறு இதற்கும் மேலே செல்கிறது. ஐரோப்பாவில் தனித்தனிச் சிற்றினங்களாகப் பெயரிடப்பட்டிருந்த சில வடிவங்கள், உண்மையில் ஒரே பூச்சியின் வசந்தத் தலைமுறையும் கோடைத் தலைமுறையும் என்பதை ஜெர்மானிய ஆய்வாளர் முல்லர் 1950-களில் நிறுவினார். இளம்பூச்சிகளைக் குறும்பகலில் வளர்த்தால் ஒரு வடிவமும் நெடும்பகலில் வளர்த்தால் மற்றொன்றும் வந்தன. மாறியவை நிறமும் அளவும் மட்டுமல்ல, வகைப்பாட்டியலாளர்கள் இறுதிச் சான்றாக நம்பும் ஆண் உறுப்பின் வடிவமும் பகலின் நீளத்துக்கேற்ப மாறியது. இதைப் படித்ததிலிருந்து, பிடித்த தேதியை உடலின் ஓர் உறுப்பைப் போலவே நான் மதிக்கிறேன்.

ஆயினும் ஆண் உறுப்பைப் பார்க்காமல் இக்குடும்பத்தில் பெரும்பாலான சிற்றினங்களுக்குப் பெயர் சொல்ல முடியாது. வயிற்றின் பின்பகுதியை நுண்ஊசியால் மெல்லப் பிரித்தெடுத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். தசையும் கொழுப்பும் கரைந்து, கைட்டின் என்னும் கடினப் பகுதி மட்டும் தேன்நிறக் கண்ணாடிபோல் எஞ்சும். நீரில் நன்றாகக் கழுவிக் கிளிசரின் துளியில் இட்டால், வேண்டிய கோணத்தில் திருப்பிவைத்துப் பார்க்கலாம். வயிற்று முனையைப் பெட்டிபோல் மூடியிருக்கும் கடைசி வளையம், கீழிருந்து தாங்கும் இரு தட்டுகள், கொக்கிபோன்ற இரு பக்க உறுப்புகள், அவற்றை இணைக்கும் சிறு துண்டு, எல்லாவற்றுக்கும் நடுவில் ஈடியேகஸ் எனப்படும் வளைந்த தண்டு என அரை மில்லிமீட்டருக்குள் ஒரு முழுக் கட்டடமே இருக்கும். ஈடியேகஸின் நுனியில் கிளைகள் உண்டா, அவை மேல்நோக்கி வளைகின்றனவா பக்கவாட்டில் விரிகின்றனவா, விந்து வெளியேறும் துளை நுனியில் இருக்கிறதா அதற்குச் சற்றுக் கீழே இருக்கிறதா என்பவையே பெயரைத் தீர்மானிக்கின்றன. கிளிசரினில் அது கால் சுற்றுத் திரும்பினாலும் கிளை இருக்கும் இடமே மாறித் தோன்றும் என்பதால், பக்கவாட்டுத் தோற்றத்தையும் பின்புறத் தோற்றத்தையும் தனித்தனியே வரைய வேண்டும். நான் புகைப்படமும் எடுக்கிறேன். ஆனால் கையால் வரையும்போதுதான் கண் ஒவ்வொரு வளைவையும் கேள்வி கேட்கிறது. பென்சில் தயங்கும் இடம் நான் இன்னும் சரியாகப் பார்க்காத இடம்.

இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பெருந்தலை ஈக்களின் புழு வயிற்றுக்குள் வளர்ந்த ஆண் தத்துப்பூச்சிகளிலும், வயிற்றின் பக்கத்தில் கருநிறப் பைபோலத் துருத்தி நிற்கும் டிரைனிட் குளவிப் புழு பற்றிக்கொண்ட பூச்சிகளிலும் இனப்பெருக்க உறுப்புகள் வளராமல் குறுகிப்போவது உண்டு. அப்படிப்பட்ட ஒன்றைப் புதுச் சிற்றினம் என்று எண்ணிவிடுவது எளிது. என் பூச்சியின் வயிறு சுத்தமாக இருந்தது. கிளைகள் இரண்டும் முழுமையாக, சமச்சீராக இருந்தன. எல்லாப் பகுதிகளையும் கிளிசரின் நிரப்பிய நுண்குப்பியில் இட்டு, அதே ஊசியில் பூச்சிக்குக் கீழே செருகினேன். உடலும் உறுப்பும் சீட்டும் ஒரே ஊசியில் இருப்பதுதான் இந்தத் துறையின் முதல் ஒழுக்கம்.

திறவுகோலின் கடைசிக் கேள்வி என்னை இரு பெயர்களுக்கு இடையில் நிறுத்தியது. ஒன்று பரவலாகக் காணப்படுவது. மற்றொன்று விரல்விட்டு எண்ணக்கூடிய மாதிரிகளிலிருந்து மட்டுமே அறியப்பட்டது. அதன் மூல விவரணையில் ஆண் உறுப்பின் ஒரே ஒரு படம், ஒரே ஒரு கோணத்தில் இருந்தது. என் வரைபடம் அரிய பூச்சியின் பக்கம்தான் சாய்ந்தது. மகிழ்ச்சியில் கை நடுங்கியதை மறைக்கத் தேவையில்லை. அன்றிரவே வரைபடங்களைத் தெளிவாகப் படியெடுத்து, இக்குடும்பத்தில் பல்லாண்டு உழைத்த மூத்த வகைப்பாட்டியலாளர் ஒருவருக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. "உங்கள் வரைபடம் தெளிவாக இருக்கிறது. நீங்கள் நினைப்பதற்கு இடமும் இருக்கிறது. பூச்சி எந்தச் செடியில் இருந்தது?" என்று மூன்று வரி எழுதியிருந்தார்.

"விளக்கில் வந்தது, ஐயா" என்று எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

அவருடைய கேள்வியின் பொருள் விளங்க, அரிதாக இருப்பது என்றால் என்ன என்பதை முதலில் யோசிக்க வேண்டியிருந்தது. யாரும் தேடாததால் மட்டுமே அரிதாகத் தோன்றும் பூச்சிகள் உண்டு. தேடியும் எட்ட முடியாத இடத்தில் வாழ்வனவும் உண்டு. உகாண்டாவின் மேற்கில் உள்ள கிபாலே தேசியப் பூங்காவின் மழைக்காட்டில், இங்கிலாந்தின் ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்வின் ஹெல்டன் 2018-இல் பிடித்த 6.5 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு தத்துப்பூச்சி இதற்குச் சிறந்த சான்று. உலோகம்போல் மின்னும், குழிகள் நிறைந்த உடல் கொண்ட அது ஃப்ளோகிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அந்தப் பேரினம் அதற்கு முன் கடைசியாகக் கண்ணில் பட்டது 1969-இல், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில். கிபாலேயில் கிடைத்தது அதுவரை பெயரிடப்படாத சிற்றினம் என்பது உறுதியாகி, 2022-இல் ஃப்ளோகிஸ் கிபாலென்சிஸ் என்று பெயர் பெற்றது. அரை நூற்றாண்டு இடைவெளி என்பது அந்தப் பேரினம் அந்த ஆண்டுகளில் இல்லை என்பதைக் காட்டவில்லை. அது வாழும் இடத்தில் உரிய கண் அரை நூற்றாண்டாக இல்லை என்பதைத்தான் காட்டுகிறது. பேரினத்தின் பெயர் தெரிந்த பின்னும், அது எந்தச் செடியின் சாற்றைக் குடித்து, காட்டின் எந்த அடுக்கில் வாழ்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

விளக்கில் வரும் பூச்சி வழிப்போக்கனாகவும் இருக்கலாம். மாக்ரோஸ்டெலஸ் குவாட்ரிலினியேட்டஸ் என்னும் தத்துப்பூச்சி ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் அமெரிக்காவின் தென்பகுதிச் சமவெளிகளிலிருந்து காற்றில் ஏறி, பல நூறு கிலோமீட்டர் வடக்கே விஸ்கான்சின் வயல்களில் இறங்குகிறது. பயணம் செய்யும் அப்படிப்பட்ட பூச்சியை ஓர் இடத்தில் பிடித்தோம் என்பதால் அந்த இடம் அதன் வாழிடம் ஆகிவிடாது. நான் என் சீட்டில் எழுதிய "ஈரப் புல்வெளியின் ஓரம்" விளக்கு நின்ற இடத்தைச் சொல்கிறது. பூச்சி எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லவில்லை.

இன்னொரு பேரினம் இந்தக் கேள்வியின் ஆழத்தை எனக்கு உணர்த்தியது. பிரிட்டனில் அஃப்ரோடஸ் பேரினத்தின் நான்கு சிற்றினங்கள் வாழ்கின்றன. நிறத்தாலும் அளவாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. ஆண் உறுப்பின் அளவுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. அவற்றைத் தெளிவாகப் பிரிப்பவை மரபணு வரிசையும் காதல் அழைப்பும்தாம். தத்துப்பூச்சிகள் வயிற்றின் அடிப்பகுதியில் உள்ள சவ்வுகளை அதிரச் செய்து, அந்த அதிர்வைத் தாங்கள் நிற்கும் தண்டின் வழியே அனுப்புகின்றன. ஆண் அழைக்க, பெண் அதே தண்டின் வழியே பதில் தர, இரண்டும் அதிர்வைப் பின்பற்றி ஒன்றையொன்று தேடிச் சேர்கின்றன. சுவீடனின் ஒசியான்நில்சன் 1949-இல் இந்தச் சிறு முரசறைவோரைப் பற்றி விரிவாக எழுதினார். நம் காதுக்கு எட்டாத இந்த ஓசையில் சிற்றினத்தின் எல்லை எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு அடுத்தபடியாக வழிகாட்டுவது இடம். நால்வரில் அஃப்ரோடஸ் ஈஸ்ட்டுவரினா கடலோர உப்புச் சதுப்பை விட்டு வெளியே வருவதில்லை. அஃப்ரோடஸ் பைசிங்டா வறண்ட புல்வெளியைச் சார்ந்தது. ஒரு பெண் பூச்சி மட்டும் கையில் இருக்கும்போது, அது எந்த மண்ணில், எந்தச் செடியின் அடியில் இருந்தது என்ற குறிப்பு உடலின் எந்த அளவையும்விட அதிகம் சொல்லும்.

வட அமெரிக்காவின் செவ்வால் தத்துப்பூச்சியைப் பற்றி நான் கிடைத்ததையெல்லாம் படித்தது இந்த நாள்களில்தான். அஃப்லெக்சியா ருப்ரநூரா என்பது அதன் பெயர். ஆணின் வயிற்று முனையில் உள்ள சிவப்பே பெயருக்குக் காரணம். விஸ்கான்சின் மாநிலம் அதை அழியும் நிலையிலுள்ள உயிரினமாகப் பட்டியலிட்டுள்ளது. அது ஸ்போரோபோலஸ் ஹெட்டரோலெபிஸ் என்னும் கொத்துப் புல்லைச் சார்ந்து வாழ்கிறது. அந்தப் புல் நிற்கும் பழைய பிரெய்ரி புல்வெளிகளிலும், கனடாவின் மனிட்டூலின் தீவில் மண் மெலிந்த சுண்ணாம்புப் பாறைத் தளங்களிலும் காணப்படுகிறது. இதில் என்னை நிறுத்தியது ஒரு செய்தி. அந்தப் புல் இன்று அழகுச் செடியாகத் தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் பரவலாக நடப்படுகிறது. பூச்சி அங்கெல்லாம் வந்து சேரவில்லை. அதன் பூச்சிகளில் பெரும்பாலானவை குறுஞ்சிறகின, பறக்க முடியாதவை. ஒரு புல்வெளி உழப்பட்டபோது அங்கிருந்த கூட்டம் அழிந்தால், அடுத்த புல்வெளியிலிருந்து நடந்து வந்து அந்த இடத்தை நிரப்ப அதனால் இயலாது. இல்லினாய் மாநிலத்தில் முன்பு ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்தது. அதில் தரம் கெடாமல் எஞ்சியிருப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் துணுக்குகளில், உழவே உழாத மண்ணில், தலைமுறை அறுபடாமல் நின்ற புல்லில்தான் இந்தப் பூச்சி இருக்கிறது.

ஆகவே வாழிடம் என்பது ஒரு தாவரத்தின் பெயரோடு முடிந்துவிடுவதில்லை. அந்தத் தாவரம் எத்தனை காலமாக இடையறாமல் அங்கே நிற்கிறது என்பதும் அதில் அடங்கும். செவ்வால் தத்துப்பூச்சி குளிர்காலத்தை முட்டையாகப் புல்லிலேயே கழிக்கிறது. பிரெய்ரியைப் புதர் மூடாமல் காக்கத் தீ தேவை. ஆனால் ஒரே பருவத்தில் முழு வெளியையும் எரித்தால் முட்டைகள் எல்லாமே கருகும். பறந்து வந்து ஈடுசெய்ய யாரும் இல்லை. ஒரு பகுதியை எரித்து மறு பகுதியை விட்டுவைக்க வேண்டும் என்ற விவேகம், பூச்சியின் சிறகு எவ்வளவு நீளம் என்று எவரோ பொறுமையாக அளந்து எழுதிவைத்ததிலிருந்து பிறந்தது. பெயர் சூட்டும் வேலை வெறும் பட்டியல் வேலை என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

அடுத்த பருவத்தில் அதே ஈரப் புல்வெளிக்கு விளக்கில்லாமல் பகலில் சென்றேன். வீச்சு வலையால் புல்நுனிகளை வீசிப் பார்த்த முதல் இரு நாள்களில் தத்துப்பூச்சிகள் நிறைய விழுந்தன, தேடியது விழவில்லை. வலை தழையின் மேற்பகுதியை மட்டுமே அறியும். செடியின் அடியில், பழைய தாள்கள் மட்கிக் கிடக்கும் ஈர இருட்டில் வாழும் பூச்சியை அது தொடுவதே இல்லை. தோட்டச் சருகை உறிஞ்சும் இயந்திரத்தின் வாயில் வலைத்துணி கட்டிக் கொத்துக் கொத்தாக உறிஞ்சிப் பார்ப்பது பலரும் கையாளும் முறை. நான் அதோடு முழந்தாளிட்டு, ஒவ்வொரு கொத்தையும் கையால் விலக்கி, வெள்ளைத் தட்டை அடியில் செருகித் தட்டியும் பார்த்தேன். ஒவ்வொரு தாவர வகைக்கும் தனிக் குப்பி வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் நண்பகலில், தண்ணீர் தேங்கும் பள்ளத்தின் விளிம்பில் நின்ற ஒரு கோரைத் திட்டில், வைக்கோல் நிறமும் இரு கரும்புள்ளிகளும் கொண்ட ஒன்று தட்டில் விழுந்து, நான் மூச்சு விடுவதற்குள் துள்ளி மறைந்தது. அடுத்த கொத்தில் இரண்டு கிடைத்தன. நான்கு அடி தள்ளி நின்ற வேறு புற்களில் ஒன்றுகூட இல்லை.

முதிர்ந்த பூச்சி ஒரு செடியில் அமர்ந்திருப்பது மட்டும் போதாது. அது இளைப்பாற வந்திருக்கலாம், காற்றில் ஒதுங்கியிருக்கலாம். நம்பத்தக்க சாட்சி இளம்பூச்சிதான். முட்டையிலிருந்து வெளிவந்து ஐந்து முறை தோலுரிக்கும் வரை அதற்குச் சிறகில்லை. பிறந்த செடியை விட்டு வெகுதூரம் அது போவதில்லை. கோரைத் தாள்களை அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தபோது, தாளின் உறைக்கும் தண்டுக்கும் இடையில், தலையில் இரண்டு மங்கிய புள்ளிகளோடு, பக்கவாட்டில் நண்டுபோல் நகர்ந்து தண்டின் மறுபுறம் ஒளிந்த இளம்பூச்சிகளைக் கண்டேன். அவை பல பருவத்தன. அந்தத் திட்டு அவற்றின் வீடு என்பதில் அதன்பின் எனக்கு ஐயம் இல்லை.

செடியின் பெயர் அவ்வளவு எளிதாக வரவில்லை. முக்கோணத் தண்டைப் பார்த்ததும் கோரை என்று சொல்லிவிட்டேன். எந்தக் கோரை என்பதற்கு முதிர்ந்த விதைக்காய் வேண்டும் என்று தாவரவியல் தோழி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பூச்சியின் பெயருக்கு ஈடியேகஸின் நுனியைப் பார்ப்பதுபோல, கோரையின் பெயருக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள காயின் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும். ஏழு வாரம் காத்திருந்து, காய் பழுத்த தண்டுகளை வேரோடு ஒன்றும் வேரின்றிச் சிலவும் எடுத்து, அழுத்தி உலர்த்தி அவரிடம் கொடுத்தேன். அவர் தந்த பெயர் தாவரங்களிலும் பரவலானது அல்ல. ஆண்டு முழுவதும் நீர்மட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும் இடத்தில் மட்டுமே அது நிலைக்கும். பள்ளத்தின் அடியில் ஊற்று கசிவதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். பூச்சியைத் தேடப்போய்ச் செடிக்கும், செடியின் வழியாக நிலத்தடி நீருக்கும் வந்து சேர்ந்திருந்தேன்.

ஐந்து இளம்பூச்சிகளைக் கோரையின் சிறு கொத்தோடு எடுத்துவந்து, மெல்லிய துணி மூடிய உருளையில் வளர்த்தேன். மூன்று முதிர்ந்தன: இரண்டு ஆண், ஒரு பெண். முதிர்ந்த பின் நிறம் பிடிக்க இரு நாள் விட்டேன். ஆண்களின் உறுப்பு விளக்கில் வந்த ஆணின் உறுப்போடு கிளைக்குக் கிளை ஒத்தது. பெண்ணின் ஏழாம் வயிற்றுத் தட்டின் விளிம்பில் ஆழமற்ற ஒரு வெட்டு இருந்தது. இதுவரை அச்சான எந்த விவரணையிலும் நான் காணாத குறிப்பு அது. பூச்சியின் கால் ஒன்றைத் தனியே ஆல்கஹாலில் வைத்திருக்கிறேன். மரபணு வரிசை பார்க்க அது பயன்படும். உரித்த தோல்களையும் அட்டையில் ஒட்டி, அதே எண்ணிட்டு வைத்திருக்கிறேன்.

சிற்றினத்தின் பெயரை இங்கே எழுதாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சிற்றினத்துக்குப் பெயரிட ஆதாரமாக இருந்த மூலமாதிரியோடு நேரில் ஒப்பிடும் வேலை இன்னும் மூத்தவரின் கையில் இருக்கிறது. அவர் உறுதிசெய்யும் வரை அது என் கருத்து மட்டுமே. மற்றொன்று, அந்தக் கோரைத் திட்டு ஒரு பெரிய அறையின் பரப்பளவுகூட இல்லை. அதன் அருகில் வடிகால் வெட்டும் பேச்சும் இருக்கிறது. நில உரிமையாளரிடம் இரண்டு முறை பேசியிருக்கிறேன். பள்ளத்தைச் சுற்றிப் புல் வெட்டும்போது ஆண்டுக்குப் பாதித் திட்டை மட்டும் வெட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். வடிகாலைப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. அடுத்த முறை இளம்பூச்சி ஒன்றைக் கைவில்லையோடு கொண்டுபோய் அவருக்கே காட்டப்போகிறேன்.

நேற்று இரவு பழைய ஊசியை எடுத்தேன். முதல் சீட்டை மாற்றவில்லை. பிடித்த நாளில் எழுதியது எழுதியபடியே இருக்க வேண்டும் என்பது முறை. அதற்குக் கீழே இரண்டாவது சீட்டு ஒன்றைச் செருகினேன். கோரையின் முழுப் பெயர், "தண்டின் அடியில், தாளுறைக்குள், இளம்பூச்சிகளோடு", "ஊற்றுக் கசிவு, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 5 சென்டிமீட்டர்", தேதி, வளர்த்தெடுத்த மூன்று பூச்சிகளின் எண்கள். மிக நுண்ணிய பேனாவால் எழுதியும் இடம் போதாமல், சீட்டின் மறுபக்கத்துக்கும் செல்ல வேண்டியிருந்தது.